வால்பாறைச் சாலையில் கார் சாய்வது பற்றி

ஜூன் 2, திங்கள்

என் மனைவி வசந்தாமணி இந்த மாதமும் வீட்டுக்கு வரப்போவதில்லை. தகவல்: அவளே, நான் தொலைபேசியில் அழைத்தபோது, மாலை 6.40.

மே 31 அன்று அவள் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். பதவி உயர்வில் வால்பாறைக்குப் போய் நான்கு வருடம் அங்கே வாடகை வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் நான் பொள்ளாச்சியிலிருந்து காரில் போய் அழைத்து வருவேன், ஞாயிறு கொண்டுபோய் விடுவேன். அது சென்ற நவம்பரோடு நின்றது. தேர்வு, ஆய்வு, மதிப்பெண் பட்டியல் என்று காரணங்கள் இருந்தன. இப்போது அவை இல்லை. அதனால் இன்று நேரடியாகக் கேட்டேன்.

"உங்க வண்டில என்னால மலை எறங்க முடியாதுங்க. வளைவுக்கு வளைவு அது சாயற சாய்ப்புக்கு என்ற வயிறு தாங்காது" என்றாள்.

முப்பத்தோரு வருடம் நிருபராக இருந்தவன் நான். சொன்னதைச் சொன்னபடி எழுதுவது பழக்கம். காரணம்: வண்டி சாய்கிறது. ஆழியாறுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வண்டி பத்து வருடப் பழையது, உயரமானது. சாய்வது உண்மைதான்.

அவள் வீட்டு ஒப்பந்தம் ஜூலை 31 வரை. மேலும் பதினோரு மாதம் நீட்டிப்பதா இல்லையா என்பதை வீட்டுக்காரரிடம் ஜூலை 15க்குள் சொல்ல வேண்டும். ஆறு வாரம் இருக்கிறது.

பால்காரரிடம் அரை லிட்டரைக் கால் லிட்டராக்கச் சொல்லவில்லை. மிச்சம் தயிராகிறது. குளிர்பெட்டியில் நான்கு கிண்ணம் தயிர்.


ஜூன் 4, புதன்

உடுமலை சாலையில் சம்சுதீனின் பட்டறை. வண்டியைத் தூக்கிப் பார்த்தார். முன்சக்கரங்களுக்கு நடுவே வளைந்து கிடக்கும் ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினார். ஸ்டெபிலைசர் ராடு என்கிறார்கள்.

"ரெண்டு சக்கரத்தையும் இதுதான் கோத்து வெச்சிருக்குதுங்க சார். வளைவுல ஒரு பக்கம் அமுங்குனா இது முறுக்கிட்டு மத்த பக்கத்தையும் இழுத்துப் புடிக்கும். ரெண்டும் ஒண்ணா அமுங்குனா இதுக்கு வேலையே இல்ல."

இருப்பது பதினெட்டு மில்லிமீட்டர் கனம். இருபத்திரண்டு போடலாம் என்றார். நான்கு மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும் என்று கேட்டேன். விறைப்பு இரண்டே கால் மடங்கு ஆகும் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. பின்பக்கம் கம்பியே கிடையாது. தேவைப்பட்டால் அதையும் சேர்க்கலாமாம்.

ரேஸ் ஓட்டப் போகிறீர்களா என்று கேட்டார். மனைவியை அழைத்து வர என்றேன். அதற்குப் பிறகு அவர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.


ஜூன் 5, வியாழன்

மாற்றுவதற்கு முன் இருந்த நிலையைப் பதிவு செய்ய வேண்டும். கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதில் ஒன்று வாங்கி, காருக்குள் முகப்புப் பலகையில் குறுக்காக ஒட்டினேன். வால்பாறை ஊருக்குள் போகாமல், நாற்பதாவது வளைவில் திரும்பிக் கீழே இறங்கினேன். ஒன்பதாவது வளைவில் குமிழி கோட்டைத் தாண்டி ஓரத்துக்கே போய்விட்டது. வளைவு வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். நேரம்: 41 நிமிடம்.

ஊருக்குள் போகாததற்குக் காரணம், அவளுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது என்பது.


ஜூன் 6, வெள்ளி

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். வேறு செய்தி இல்லை.


ஜூன் 10, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து கம்பி வந்து, சம்சுதீன் மாட்டினார். பழையதைக் கையில் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். உங்களுடையதுதானே சார் என்றார். பின்பக்கத் தாழ்வாரத்தில் சாத்தி வைத்திருக்கிறேன்.


ஜூன் 12, வியாழன்

சோதனை. கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி முன்போல் சாயவில்லை. ஆனால் வளைவில் மூக்கு வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கிறது. முன்பக்கம் மட்டும் விறைத்தால் அப்படித்தான் இருக்கும், பின்னாலும் போட்டால் சரியாகும் என்று சம்சுதீன் தொலைபேசியில் சொன்னார்.

புரியாதது ஒன்று. குமிழி ஒன்பதாவது வளைவில் அதே ஓரத்துக்குத்தான் போகிறது. வண்டி சாயவில்லை, ஆனால் ரசமட்டம் சாய்ந்ததாகச் சொல்கிறது. இரண்டில் ஒரு சாட்சி பொய். நேரம்: 40 நிமிடம்.


ஜூன் 14, சனி

எந்தச் செய்திக்கும் இரண்டாவது ஆதாரம் வேண்டும். வசந்தாவின் கீழ்வீட்டில் இருக்கும் டெய்சி டீச்சரை அழைத்தேன். பள்ளியில் அவளோடு வேலை பார்த்தவர். நல்லபடியாகப் பேசினார். வசந்தா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், மாலையில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் ஆறேழு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

மலையிறக்கம் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லையே, மருத்துவரிடம் காட்டினாளா என்று விசாரித்தேன்.

"அப்படி ஒண்ணும் தெரியலையே சார். போன புதன்கிழமை கூட நானும் அக்காவும் பென்ஷன் வேலையா கோயம்புத்தூர் போயிட்டு வந்தோம். பஸ்லதான். போக வர நல்லாத் தூங்குனாங்க."

பேருந்து பொள்ளாச்சியில் பத்து நிமிடம் நின்றதாம். இருவரும் நிலையத்தில் தேநீர் குடித்திருக்கிறார்கள்.

பேருந்தின் அமைப்பு வேறு, காரின் அமைப்பு வேறு. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் அதிகம். ஒப்பிட முடியாது.

பொள்ளாச்சி நிலையத்திலிருந்து எங்கள் வீடு 1.4 கிலோமீட்டர்.


ஜூன் 16, திங்கள்

பின்கம்பியும் மாட்டியாயிற்று. அதன் நுனியில் இரண்டு துளைகள். உள்துளையில் இணைத்தால் அதிக விறைப்பு, வெளித்துளையில் குறைவு. மழைக்காலம், வெளித்துளை போதும் என்று சம்சுதீன் சொன்னார். உள்துளையில் போடச் சொன்னேன். செய்வதை முழுதாகச் செய்ய வேண்டும் என்றேன். சரிங்க சார் என்று நீட்டிச் சொன்னார்.


ஜூன் 18, புதன்

பதின்மூன்றாவது வளைவில் மழை. பின்பக்கம் நழுவியது. அரை மீட்டர் இருக்கும். பிடித்து நிறுத்திவிட்டேன். தடுப்புச் சுவருக்கும் வண்டிக்கும் இடையே கைப்பிடியளவு இடம் இருந்தது.

வண்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடம் சொல்லலாம் என்று இறங்கி, பூட்டைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது.

நேரம் குறிக்கவில்லை.


ஜூன் 19, வியாழன்

சம்சுதீன் என்னைத் திட்டவில்லை. கம்பியை வெளித்துளைக்கு மாற்ற வேண்டும், கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் கிறீச்சிடுகிறது, அதையும் பார்க்க வேண்டும், கோவையிலிருந்து பொருள் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார். பிறகு முகப்பில் ஒட்டியிருந்த ரசமட்டத்தைப் பார்த்தார். விளக்கினேன். வளைவு வாரியான பட்டியலையும் காட்டினேன். பொறுமையாக முழுவதையும் படித்தார்.

"சார், இது வண்டி சாயறதக் காட்டாதுங்க. நீங்க என்ன வெரட்டு வெரட்டறீங்கன்னுதான் காட்டும். ஓட்டத்துல கொமிழியத் தள்றது உங்க வேகம். அதே வளைவுல மெதுவாப் போய்ப் பாருங்க, நகரவே நகராது."

வேறு யாரிடமாவது இதைக் காட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லதாப் போச்சு என்று சொல்லிப் பிய்த்து எடுத்துக் கொடுத்தார்.

மாலை வசந்தாவே அழைத்தாள். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம் ஓய்வூதியத் தாள்களோடு வைக்க வேண்டும். முன்பு கொடுத்தது மங்கல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சனிக்கிழமை மேலே வர முடியுமா என்று கேட்டாள்.

அவளாக அழைத்தது ஏப்ரலுக்குப் பிறகு இதுவே முதல்முறை. பேசிய நேரம் 1 நிமிடம் 50 நொடி.


ஜூன் 21, சனி

வண்டி பட்டறையில். காலை 7.10 பேருந்தில் போனேன். இந்தச் சாலையில் எத்தனை முறை போயிருப்பேன் என்று எண்ண முடியாது: மண்சரிவு, யானை, தேர்தல், தோட்ட வேலைநிறுத்தம். ஒவ்வொரு முறையும் ஓட்டியது நான். ஓட்டுபவனுக்குக் குமட்டாது. எட்டாவது வளைவில் வாயில் நீரூறத் தொடங்கியது. பதினேழாவதில் எழுந்து நின்றுவிட்டேன்.

நிறுத்துங்க என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. முன்னிருக்கைப் பெண் எனக்காகக் குரல் கொடுத்தார், நடத்துனர் விசில் அடித்தார், ஓட்டுநர் அகலமான இடம் பார்த்து ஒதுக்கினார். தூறலில் சாலையோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். திரும்பி ஏறும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, முகரச் சொன்னார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வண்டியில் நாற்பது பேர் இருந்தார்கள்.

வசந்தா ஸ்டூடியோ வாசலில் குடையோடு நின்றாள். நீலச் சேலை. மெலிந்திருக்கிறாள், அல்லது மெலிந்தவளாக எனக்குத் தெரிகிறது. உறுதி செய்ய முடியவில்லை.

"வண்டி எங்கீங்க?"

"பட்டறையில."

"அப்ப பஸ்லயா வந்தீங்க? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. வாந்தி எடுத்தீங்களா?"

"பதினேழாவது வளைவுல."

"பஸ்ஸு நின்னுச்சுங்களா?"

"நின்னுது."

அவள் தலையாட்டினாள். கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே இரண்டு முக்காலி. படம் எடுப்பவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஐயா இன்னும் கொஞ்சம் நகருங்க, நடுவுல இத்தனை இடம் விட்டா ஆபீஸ்ல மறுபடியும் திருப்பிருவாங்க என்றார். நகர்ந்தேன். இன்னும் என்றார். அவள் தோள் என் தோளில் பட்டது. சேலை மழையில் நனைந்திருந்தது. அசையாதீங்க என்றார். அசையவில்லை.

படம் எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டேன். அரசு விதியில் அப்படி இல்லையே என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, குடையை விரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பிரதி கொடுத்தாள்.


ஜூன் 22, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. யாரோடும் பேசவில்லை.


ஜூன் 24, செவ்வாய்

பழைய நாட்குறிப்பை எடுத்தேன். சென்ற வருடம், நவம்பர் 22, வெள்ளி. அவள் என் வண்டியில் கடைசியாக வந்த நாள். இரண்டு வரிதான் இருக்கிறது.

"வ. சொன்னது: வண்டி ரொம்ப ஆடுதுங்க. நேரம் 38 நிமிடம், இதுவரை இதுவே குறைவு."

செய்தி நீண்டுவிட்டால் ஆசிரியர் மேசையில் கீழிருந்து வெட்டுவார்கள். முக்கியமானது மேலே இருக்கும், கடைசி வரி போனால் நட்டமில்லை என்பது பத்திரிகை நடைமுறை. அனுப்பும் முன்பே நானே வெட்டிக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

திருத்தம். நவம்பர் 22 தேதியிட்ட குறிப்பில், வ. சொன்னது என்பதற்குக் கீழே, "வண்டி ரொம்ப ஆடுதுங்க, வயித்தப் பெரட்டுது, கொஞ்சம் நிறுத்துங்க" என்று இருந்திருக்க வேண்டும். முப்பத்தொன்றாவது வளைவில் சொன்னாள். இருபத்திரண்டில் சொன்னாள். பதினான்கில் சொன்னாள். இதோ ரெண்டு வளைவுதான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒன்பதாவது வளைவில் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்த டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பையில் வாந்தி எடுத்தாள். பிறகு வீடு வரும் வரை பேசவில்லை. நானும் பேசவில்லை. நேரம் நல்லபடியாக வந்துகொண்டிருந்தது.

அன்று நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அச்சுக்குப் போக வேண்டிய பக்கம் எதுவும் இல்லை. வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காத்திருக்கக்கூடியவர் வண்டிக்குள்தான் இருந்தார்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.


ஜூன் 27, வெள்ளி

பால் கால் லிட்டர் போதும் என்று சொல்லப் போனேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.


ஜூலை 1, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. பின்கம்பி வெளித்துளையில். புஷ்ஷுக்குக் கிரீஸ் வைத்ததில் சத்தம் போய்விட்டது. சம்சுதீனே பக்கத்தில் உட்கார்ந்து ஆழியாறு வரை வந்தார். இப்ப நீங்க மெதுவாப் போனாலும் இது நல்லாத்தான் இருக்கும் சார், அதுக்கொண்ணும் கோவிச்சுக்காது என்றார்.

வசந்தாவை அழைத்தேன். வண்டியின் சாய்வைச் சரி செய்துவிட்டதாகவும், வந்து பார்த்தால் தெரியும் என்றும் சொன்னேன். வேறு சொல்லத்தான் அழைத்தேன். அது வரவில்லை.

"சனிக்கிழமை ஆழியாறு வரைக்கும் வர்றனுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றாள்.


ஜூலை 5, சனி

காலை 10.15க்கு வால்பாறையில் ஏறினாள். முன்னிருக்கை. மடியில் பை எதுவும் இல்லை. தூறல், மூடுபனி.

முப்பத்தெட்டாவது வளைவு தாண்டியதும், "நிறுத்துங்க" என்றாள்.

ஒதுக்கி நிறுத்தினேன். குமட்டுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பின்னே? சும்மாதான் என்றாள். இறங்கி, பனிக்குள் எதுவும் தெரியாத பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறிக்கொண்டாள். மூன்று நிமிடம்.

முப்பத்தைந்தில் மறுபடி. முப்பத்துமூன்றில் மறுபடி. அங்கே இறங்கக்கூட இல்லை. நிறுத்தச் சொன்னாள், நின்றது, போலாம் என்றாள். இருபத்தெட்டில் பின்னால் தேயிலை லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்து, அவருக்கு என்ன அவசரமோ பாவம், வழி விடுங்க என்றாள்.

இருபத்திரண்டில் அவள் சொல்வதற்கு முன் நானே ஒதுக்கினேன்.

"நான் சொல்லலியே" என்றாள்.

"நவம்பர்ல இங்க சொன்ன. மூணு எடத்துல சொன்ன. நான் நிறுத்தல வசந்தா."

வைப்பர் நாலைந்து முறை போய் வந்தது. இயந்திரத்தை அணைத்தேன்.

"மூணில்லீங்க, நாலு" என்றாள். "நாலாவது சத்தமாச் சொல்லல."

முதல் ஆதாரம் அவள்தான். திருத்திக்கொண்டேன்.

அதன் பிறகும் நிறுத்தச் சொன்னாள். பதினெட்டில், பதினான்கில், பதினொன்றில். ஒன்பதில் வரையாடுகள் நான்கு சாலையோரச் சுவரில் நின்றன. நிறுத்தச் சொல்லிவிட்டு, அவை போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினொரு முறை. கடைசி மூன்று முறையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை நீட்டி முகப்புப் பலகையைத் தடவி, இங்கென்ன பசை ஒட்டிருக்குது என்று கேட்டாள். சொன்னேன். ரசமட்டமா, வண்டிக்கா என்று இரண்டு முறை கேட்டாள்.

வண்டியைப் பற்றி அவள் கருத்து: சாயவே இல்லை, அந்த மெக்கானிக் நல்லாப் பண்ணியிருக்காரு.

நாற்பது வளைவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பார்க்கவில்லை.

ஆழியாறு அணைக்கு எதிரே மீன் வறுவல் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு துண்டு சாப்பிட்டாள். என்னுடையதிலிருந்து பாதி எடுத்துக்கொண்டாள். வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நிறையத் தயிர் இருக்கிறது என்றேன். கை கழுவிவிட்டு வந்து, பொள்ளாச்சிப் பக்கம் போகும் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போதுங்க. திருப்புங்க."

திருப்பினேன். ஏற்றத்தில் அவள் எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை. முப்பதாவது வளைவுக்குப் பிறகு தூங்கிவிட்டாள். தலை என் பக்கம் சாய்ந்தது. வளைவுகளை இன்னும் மெதுவாக எடுத்தேன்.

வீட்டு வாசலில் இறங்கி, கதவைச் சாத்தாமல் நின்று, பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு வரை கணக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருப்பதைச் சொன்னாள். வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டேன். இதுவரை நான் அதைக் கேட்டதில்லை. மூணு நாள் என்றாள்.

"அடுத்த சனிக்கிழமை வாங்க. ஆழியாறுல வெச்சு யோசிக்கறேன்."

இன்றிரவு வரை நிலவரம்: ஒப்பந்தம் பற்றி வீட்டுக்காரரிடம் அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. கெடு ஜூலை 15. ஆழியாறிலிருந்து எங்கள் வீட்டு வாசல் 24 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லை, இருபுறமும் தென்னந்தோப்பு, நேர்ச்சாலை. அந்த 24 கிலோமீட்டர் நிலுவையில் இருக்கிறது. எதிர்பார்க்கப்படுவது ஜூலை 12, சனி, மதியத்துக்கு மேல்.